உள்வளர் கால்நகம்: காவிரி டெல்டாவின் வயற்காட்டில்

கால்விரல் நகத்தின் ஓரம் பக்கத்துச் சதையைக் குத்தி உள்ளே இறங்கி, வலியும் வீக்கமும் பிறகு சீழும் உண்டாக்கும் கோளாறு உள்வளர் கால்நகம். பெரும்பாலும் கட்டைவிரலில்தான் வரும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் இதையும் ‘நகச்சுத்து’ என்றே சொல்லிவிடுகிறார்கள். நகச்சுற்று என்பது நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கிருமி புகுந்து வீங்குவது. சீழை வெளியேற்றினாலோ மருந்து சாப்பிட்டாலோ ஆறிவிடும். உள்வளர் நகத்தில் நகமே முள். முள் உள்ளே இருக்கும்வரை மாத்திரையால் பத்து நாள் அடங்கிய வலி பதினோராம் நாள் திரும்பி வரும். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டும் தீரவில்லை என்று வருகிறவர்களில் பலருடைய கதை இதுதான்.

நகத்தின் மூலையை வளைத்து ஒட்ட வெட்டும்போது, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் ஒரு கூர் மிச்சம் நின்றுவிடுகிறது. நகம் முன்னோக்கி வளர வளர அது சதைக்குள் துளைத்துப் போகிறது. முதலில் ஓரம் சிவந்து, தொட்டால் வலிக்கும். அடுத்து நீர் வடியும், சீழ் கட்டும். கடைசியில் நகத்தின்மேல் சிவந்த, தொட்டால் ரத்தம் கசியும் சதை வளர்ந்து மூடும். ஊரில் அதைக் ‘கெட்ட சதை’ என்பார்கள். உண்மையில் அது குத்தும் முள்ளுக்கு எதிராக உடம்பு வளர்க்கும் சதை. நகக்கூரை எடுத்தால் தானே வற்றும். ஆனால் நக ஓரத்தில் மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கும் சதையையும், நகத்தடியில் தெரியும் கறுப்பையும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அரிதாக அது புற்றுநோயாகவும் இருக்கும்.

முனை குறுகிய ஷூ, வியர்க்கும் கால், பரம்பரையாக வளைந்த நகம், பூஞ்சையால் தடித்த நகம், அடிபட்ட நகம் ஆகியவை உலகெங்கும் சொல்லப்படும் காரணங்கள். வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஷூவின் நெருக்கடி இல்லை. அந்த வகையில் டெல்டாவின் நடவுப் பெண்களுக்கு இந்தத் தொல்லை குறைவாக இருக்க வேண்டும். அவர்களுக்கு வேறொன்று சேர்ந்துகொள்கிறது: சேறு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், குறுவை நடவில் தொடங்கி சம்பா, தாளடி என்று வடகிழக்குப் பருவமழை வரைக்கும் கால் காய்வதில்லை. கணுக்கால் புதையும் தொழியில் குனிந்தபடி பின்னோக்கி நகரும்போது, ஒவ்வொரு அடிக்கும் விரல்நுனிதான் சேற்றைக் குத்திப் பிடிக்கிறது. நாள் முழுக்க ஊறிய நக ஓரத்துத் தோல் வெளுத்து உப்பி, நகத்தின்மேல் ஏறிக்கொள்கிறது. விரலிடுக்கில் வந்தால் அது சேற்றுப்புண். நக ஓரத்தில் வந்தால் நகம் இறங்குவதற்கான வழி. கரையேறியதும் ஊறி மெத்தென்றிருக்கும் நகத்தைப் பிளேடால் நோண்டி மூலையைக் கிள்ளி எடுப்பார்கள். அப்போது நகம் வெட்டுப்படாமல் கிழிகிறது. கூர் மிச்சம் நிற்பது அங்கேதான். ரப்பர் பூட்ஸ் போடச் சொல்வது எளிது. பூட்ஸோடு சேற்றில் இறங்கி நாற்று நட்டுப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்.

எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் செருகுவது நகச்சுற்றுக்கான பழைய வீட்டு வைத்தியம். மருதாணி அரைத்துக் கட்டுவதும், வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுவதும் உண்டு. எதுவும் நகக்கூரை வெளியே எடுக்காது. சுண்ணாம்பு தோலை வேகவைத்துவிடும். சாணம் வைப்பது ரண ஜன்னிக்குக் கதவு திறப்பது.

தொடக்க நிலையில் வீட்டிலேயே சரிசெய்யலாம். பொறுக்கும் சூடான நீரில் கொஞ்சம் உப்புப் போட்டு, நாளுக்கு மூன்று நான்கு தடவை கால் மணி நேரம் காலை வைத்திருந்து, நன்றாகத் துடைத்து, இறங்கிய ஓரத்தின் அடியில் மெல்லிய பஞ்சுத் திரியைச் செருகி நகத்தைத் தூக்கிவிட வேண்டும். திரியைத் தினமும் மாற்ற வேண்டும். அல்லது ஒட்டும் பிளாஸ்திரியால் சதையை நகத்திலிருந்து விலக்கி இழுத்துக் கட்டலாம். கால் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். ஆகவே வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

சீழும் சதையும் வந்துவிட்டால் சிறு அறுவைதான் வழி. விரலின் அடியில் இரு பக்கமும் லிக்னோகெயின் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, ரத்தம் வராமல் ரப்பர் பட்டையால் இறுக்கி, இறங்கிய பக்கத்தில் 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு நகத்தை வேர்வரை கீறி எடுப்பார்கள். அந்தப் பக்கத்து வேரில் பீனால் தடவினால் அந்தக் கீற்று மறுபடி முளைக்காது. நகம் சற்றுக் குறுகலாகத் தெரியும், அவ்வளவே. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். நகம் முழுவதையும் பிடுங்கிவிடுவது இன்றும் சில இடங்களில் நடக்கிறது. வேர் அப்படியே இருப்பதால் அது மீண்டும் முளைக்கும், பல பேருக்கு மீண்டும் இறங்கும். இறங்கியது ஓர் ஓரம் என்றால் முழு நகத்தைப் பறிகொடுக்க வேண்டியதில்லை; மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

பீனால் தடவிய புண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் நீர் கசியும். அதுவரை சேற்றில் இறங்கக் கூடாது. எலிச் சிறுநீர் கலந்த வயல் தண்ணீர் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வர இடமுண்டு. நடவு நேரத்தில் அத்தனை நாள் கூலியை இழக்க யாரால் முடியும்? அவசரமில்லாதவர்கள் சம்பா அறுவடை முடிந்து, மாசிக்கும் வைகாசிக்கும் நடுவே வயல் காய்ந்து கிடக்கும்போது செய்துகொள்வது நல்லது. 1959-இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையைப் போன்ற அரசு மருத்துவமனைகளிலேயே இது நடக்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கால் மரத்தவருக்கு நகம் குத்துவது தெரியாது, வெந்நீரின் சூடும் தெரியாது. அவர்கள் பஞ்சு, பிளேடு எதையும் தொடாமல் முதல் சிவப்பிலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நகத்தை நேராக, மூலை வெளியே தெரியும்படி, கால் காய்ந்திருக்கும் காலை வேளையில் வெட்ட வேண்டும். சேற்றில் வேலை செய்கிற எல்லோரும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை ரண ஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கிடையாது.