இப்னு பதூதா சுவைத்த கனிகள்

வரலாறு என்றாலே அரியணையும் போர்க்களமும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் எதை உண்டனர், எவ்வாறு உண்டனர் என்பதும் வரலாறே. அத்தகைய செய்திகளை நமக்கு விட்டுச் சென்ற பெருமக்களுள் ஒருவர், 1304இல் தான்ஜியர் நகரில் பிறந்த இப்னு பதூதா. தில்லியில் முகம்மது பின் துக்ளக்கிடம் காஜியாகப் பணியாற்றிய அவர், 1340களில் மதுரை சுல்தான் கியாதுத்தீன் தாமகானியின் நாட்டுக்கும் வந்தார். அவர் சொல்லக் கேட்டு இப்னு ஜுஸை எழுதிய 'ரிஹ்லா' 1355இல் பாஸ் நகரில் நிறைவு பெற்றது.

பேரீத்தம்பழமும் அத்தியும் அறிந்த அந்த அரபு நாவுக்கு இந்நாட்டுக் கனிகள் புதியவை. ஆகவே, கண்ட ஒவ்வொன்றையும் தாம் அறிந்த ஒன்றோடு ஒப்பிட்டே விளக்குகின்றார். மாங்காயை உப்பிலிட்டு, தம் நாட்டார் எலுமிச்சையை ஊறவைப்பது போல வைத்து, உணவோடு சேர்த்து உண்கிறார்கள் என்கின்றார். பழுத்த பின் சிலர் கத்தியால் அரிந்தும் சிலர் உறிஞ்சியும் உண்பர் என்றும் எழுதுகின்றார். நாவற்பழம் அவருக்கு ஒலிவக் காயை நினைவூட்டியது. இளநீரைக் குடித்தபின், அதன் ஓட்டிலேயே ஒரு துண்டைக் கரண்டி போல் செதுக்கி வழுக்கையைச் சுரண்டி உண்பதையும், அதன் சுவை அரைவேக்காட்டு முட்டையை ஒத்ததென்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. இன்றும் இளநீர்க் கடையில் நாம் செய்வது அதுவேயன்றோ!

பலாவைப் பற்றிய பகுதி இன்னும் சுவையானது. அதற்கு 'ஷக்கீ', 'பர்க்கீ' என இரு பெயர்கள் தருகின்றார். மரத்தின் அடியில், மண்ணை ஒட்டிக் காய்ப்பது பர்க்கீ. அதுவே இனிப்பு மிக்கது. மேலே காய்ப்பது ஷக்கீ. கொட்டையைச் சுட்டோ அவித்தோ தின்றால் மொச்சை போன்ற சுவை உண்டு என்றும், செம்மண்ணில் புதைத்து வைத்தால் மறு ஆண்டு வரை கெடாது என்றும் கூறுகின்றார்.

இப்பகுதியை மதரஸாவில் பாடம் நடத்தியபோது, 'ஷக்கீ' என்னும் சொல்லை அரபு அகராதிகளில் தேடித் தேடிச் சலித்தோம். கடைசி வரிசையில் இருந்த குமரி மாவட்டத்து மாணவர் ஒருவர் தயங்கியவாறே, "உஸ்தாத், எங்க வீட்டுல பலாப்பழத்தைச் சக்கைன்னுதான் சொல்லுவோம்" என்றார். அகராதி காட்டாத பொருளை ஓர் அடுக்களைச் சொல் காட்டிற்று. நாம் வெட்கமும் மகிழ்ச்சியும் ஒருங்கே அடைந்தோம்.

ஒரு நூலின் மௌனமும் சான்றாகும். கொய்யா, பப்பாளி, அன்னாசி ஆகியவற்றை ரிஹ்லாவில் தேடினால் கிடைக்கமாட்டா. அவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகப் பிற்காலத்தில்தான் நம் கரைகளை அடைந்தன. நம் முன்னோரின் கடல் வாணிபத்தைச் சிதைத்தவர்கள் கொண்டுவந்த கனிகளே இன்று நம் முற்றத்து மரங்களாக நிற்கின்றன.

கனிகளைப் பற்றி இவர் சொன்னதை நம்பலாமா என்று கேட்போர்க்கு ஒன்று சொல்வோம். தாமகானி அவருக்குச் சகலை முறையானவர், விருந்தோம்பியவர். எனினும் அம்மன்னர் சிறைப்பட்ட இந்துப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை இப்னு பதூதா மறைக்கவில்லை. வேறெந்த மன்னரும் செய்து தாம் அறியாத இழிசெயல் என்றே பதிவு செய்தார். உறவுக்காகவோ, உண்ட உப்புக்காகவோ, சமயத்துக்காகவோ சாட்சியத்தை வளைக்காதவர், ஒரு பலாக்கொட்டைக்காகவா வளைப்பார்? நம் வரலாற்றை எழுதப் புகும் இளைஞர்கள் அவரிடம் முதலில் கற்க வேண்டியது இந்த அமானிதத்தையே.

எங்கள் விஸ்வநத்தம் வானம் பார்த்த பூமி. பட்டாசுத் தொழில் சூழ்ந்த ஊர். குற்றாலச் சாரலுக்குச் சென்று திரும்புவோர் மங்குஸ்தானும் ரம்புத்தானும் வாங்கி வருவதுண்டு. மங்குஸ்தானை இரு உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தினால் தோல் பிளந்து வெண்சுளை தெரியும். தோலின் சாறு துணியில் பட்டால் கறை எளிதில் போகாது. ரம்புத்தான் என்னும் பெயர், மயிர் எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்தது. அதை உரித்துக் கொடுத்தபோது வீட்டுச் சிறுமி ஒருத்தி சுவைத்துப் பார்த்து, "நுங்கு மாதிரி இருக்கு!" என்றாள்.

இப்னு பதூதா செய்ததும் அதுவே. தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறிவதே கல்வி.