எழுதிய காலமும் வாசித்த காலமும்: கனடாவின் பூர்வகுடிப் புனைகதை வளர்ந்த வழி

கனடாவின் பூர்வகுடிகள் மூன்று பெரும் பிரிவினர்: முதற்குடிகள், ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட், பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்து தனி இனமாக உருவான மேட்டி. இவர்கள் எழுதும் நாவல்களும் சிறுகதைகளும் இன்று நாட்டின் முதன்மையான பரிசுகளைப் பெறுகின்றன. பள்ளிகளில் பாடமாகவும் வைக்கப்படுகின்றன. இந்த வளர்ச்சியை நூல்கள் வெளிவந்த ஆண்டுகளை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் வரலாறு பிழைபடும். முக்கியமான பல நூல்கள் எழுதப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்தே வாசகர் கைக்கு முழுமையாக வந்து சேர்ந்தன. அந்தத் தாமதத்துக்கான காரணங்களையும் அது குறைந்துவந்த விதத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டமும் மௌனமும்

பூர்வகுடிகளிடம் கதை என்றும் குறைவாக இருந்ததில்லை. நிலத்தின் எல்லை, குலத்தின் உரிமை, பருவத்தின் ஒழுங்கு எல்லாமே கதையாகவே சொல்லப்பட்டுக் காக்கப்பட்டன. மேற்குக் கடற்கரை மக்கள் அவற்றைப் பலரறியச் சொல்லும் இடம் பொட்லாட்ச் என்ற பெருவிருந்து. 1884இல் கொண்டுவரப்பட்ட சட்டத்திருத்தம் அந்த விருந்தையே குற்றமாக்கியது. தடை 1951 வரை நீடித்தது. நில உரிமை வழக்குகளுக்காக நிதி திரட்டுவதை 1927இல் வந்த இன்னொரு திருத்தம் தடுத்தது.

உறைவிடப் பள்ளிகள் இவற்றினும் ஆழமான காயத்தை உண்டாக்கின. அரசு பணம் தர, திருச்சபைகள் நடத்திய 130க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். பாட்டியிடம் கேட்ட கதையைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லும் வழி அங்கே அறுந்தது. பள்ளிக்கல்வி 1920இல் கட்டாயமாக்கப்பட்டபோது பூர்வகுடிகளை நிர்வகித்த இந்திய விவகாரத் துறையின் தலைமை அதிகாரியாக இருந்தவர் டங்கன் காம்ப்பெல் ஸ்காட். கனடாவின் புகழ்பெற்ற கவிஞர்களில் ஒருவர் அவர். பூர்வகுடிகளைப் பற்றியும் கவிதை எழுதினார். அவர்களைப் பற்றி எழுதும் உரிமையும் அவர்கள் பேச்சை அடக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருந்த காலம் அது.

அக்காலத்தில் அச்சேறிய பூர்வகுடிக் குரல்களில் பரவலாகக் கேட்கப்பட்டது மோஹாக் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த பாலின் ஜான்சனுடையது. ஸ்குவாமிஷ் தலைவர் ஜோ கப்பிலானோ சொல்லக் கேட்ட கதைகளை அவர் எழுதினார். அவை 1911இல் வான்கூவர் தொன்மங்களாக நூல்வடிவம் பெற்றன. கதை சொன்னவர் யார், எந்த இடத்தில், எந்தச் சூழலில் சொன்னார் என்பதையும் கதைக்குள்ளேயே பதிந்துவைத்தது இந்நூலின் சிறப்பு.

இனுயிட் மொழியில் பிறந்த நாவல்

1950களில் கியூபெக்கின் வடக்கே நுனாவிக் பகுதியில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் இனுயிட் மொழி கற்க முயன்றார்கள். அன்றாடச் சொற்கள் கொண்ட வாக்கியங்களை எழுதித் தருமாறு மிட்டியார்யுக் நப்பாலுக் என்ற இளம்பெண்ணிடம் கேட்டார்கள். அவர் அந்த வாக்கியங்களுக்கு ஒரு நாயகியைத் தந்தார். சனாக் என்ற கைம்பெண் பாய் முடையக் குச்சிகள் சேகரிக்கப் புறப்படுகிறாள். அங்கே தொடங்கும் கதை வேட்டை, உணவு, சண்டை, மகப்பேறு என்று விரிந்து, வெள்ளையர் வந்த பின் குடும்பத்துக்குள் நிகழும் மாற்றங்கள் வரை செல்கிறது. சொற்பட்டியலாக அமைந்திருக்க வேண்டியது 48 அத்தியாயங்கள் கொண்ட நாவலாயிற்று. ஒவ்வொரு கருவிக்கும், தோலுக்கும், பனிக்கும் உரிய சொல் அதைக் கையாளும் கையோடு சேர்ந்தே வருவதால் நாவலே ஓர் அகராதியின் வேலையையும் செய்கிறது.

இந்நூல் இனுயிட் அசையெழுத்தில் 1984இல்தான் அச்சானது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 2002இலும் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இலும் வந்தன. எழுதத் தொடங்கி ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பிறகே ஆங்கில வாசகர் இதைப் படித்தனர்.

இதற்கிடையே 1970இல் மார்க்கூசி பட்சாக்கின் ஈட்டி வேட்டைக்காரன் கதை ஆங்கிலத்தில் வெளிவந்து, கனடாவில் அச்சான முதல் இனுயிட் நாவல் என்று பெயர் பெற்றது. ஒரு கரடி வேட்டை பேரழிவாக முடிவதைச் சொல்லும் சிறு நாவல் இது. ஆங்கில வடிவத்தை ஆசிரியரே உருவாக்கினார் என்றாலும் அது மூலத்திலிருந்து பல இடங்களில் விலகியிருந்தது. இனுயிட் மூலத்திலிருந்து நேரடியாகப் பெயர்த்த பதிப்பு கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

வெட்டப்பட்ட பக்கங்கள்

பூர்வகுடிகளின் தனிச் சட்ட நிலையை நீக்க முன்வந்த 1969ஆம் ஆண்டின் அரசு வெள்ளை அறிக்கை நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பியது. கிரீ இனத்தைச் சேர்ந்த ஹெரால்ட் கார்டினல் அதே ஆண்டில் எழுதிய மறுப்பு நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. அரசியல் எழுச்சியோடு தன்வரலாற்று எழுத்தும் எழுந்தது. மேட்டிப் பெண்ணான மரியா காம்ப்பெல் 1973இல் வெளியிட்ட ஹாஃப்பிரீட் அதன் முதன்மையான படைப்பு. பலரும் வசையாகச் சொன்ன சொல்லையே அவர் நூலின் பெயராக்கினார். காவல்துறையினர் தம்மைச் சிறுமியாக இருந்தபோது பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதைச் சொல்லும் பகுதியைப் பதிப்பாளர் நீக்கிவிட்டார். அந்தப் பக்கங்களை ஆவணங்களிடையே கண்டெடுத்ததை ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். 2019இல் முழுப்பதிப்பு வந்தது. இடைப்பட்ட 46 ஆண்டுகளும் வாசகர்கள் படித்தது குறைபட்ட நூலையே.

இத்தகைய அனுபவங்கள் பூர்வகுடியினர் சொந்தப் பதிப்பகம் தொடங்குவதன் தேவையை உணர்த்தின. 1980இல் மேட்டி மக்களின் அமைப்பு வின்னிபெக்கில் பெமிக்கன் பதிப்பகத்தையும், பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதற்குடியினர் தீட்டஸ் பதிப்பகத்தையும் நிறுவினர். பெமிக்கன் 1983இல் வெளியிட்ட பியாட்ரிஸ் கல்ட்டனின் நாவல், பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்பு வீடுகளில் விடப்பட்ட இரு மேட்டிச் சகோதரிகளைப் பற்றியது. மூத்தவள் ஏப்ரல் ரெயின்ட்ரீ வெள்ளையர் போல வாழ முயல்கிறாள். இளையவள் செரில் தன் இனத்தை நெஞ்சில் சுமந்து அழிகிறாள். ஆசிரியரும் மூன்று வயதிலிருந்து வளர்ப்பு வீடுகளில் வளர்ந்தவரே. கடுமையான காட்சிகளைத் தணித்து, பள்ளிகளுக்கென்று தனிப் பதிப்பும் வந்தது.

தீட்டஸ் 1985இல் ஜெனட் ஆம்ஸ்ட்ராங்கின் ஸ்லாஷ் நாவலை வெளியிட்டது. ஒக்கனாகன் இளைஞன் ஒருவன் 1960களிலும் 70களிலும் நடந்த உரிமைப் போராட்டங்களில் அலைந்து ஊர் திரும்புவதே கதை. நாயகன் ஒருவனின் வெற்றியைவிடக் கூட்டத்தில் நடக்கும் விவாதத்துக்கே இந்நாவல் அதிக இடம் தருகிறது. ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் பேசி முடிவெடுக்கும் மரபு இங்கே நாவலின் வடிவமாகியிருக்கிறது.

கதை யாருக்குச் சொந்தம்

1990 ஜனவரியில் அனிஷினாபே எழுத்தாளரான லெனோர் கீஷிக்-டோபியஸ் தேசிய நாளிதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை, பூர்வகுடிகளின் கதைகளை மற்றவர்கள் எடுத்தாள்வதைத் திருட்டு என்றே சொன்னது. கற்பனைக்கு வேலி போடலாமா என்று வெள்ளை எழுத்தாளர்கள் பலர் கேட்டனர். கதைக்கு உரிமையாளர் உண்டு என்பது மேற்குக் கடற்கரை மக்களின் பழைய சட்டம். குலத்துக்கோ குடும்பத்துக்கோ உரிய கதையை அனுமதியின்றிச் சொல்லக்கூடாது. அந்தச் சட்டம் தெரியாதவர்களுக்கே அது வேலியாகத் தோன்றியது. அதே ஆண்டு கோடையில் கோல்ஃப் திடல் விரிவாக்கத்தை எதிர்த்து மோஹாக் மக்கள் ஓக்காவில் 78 நாள் நடத்திய போராட்டம் நாட்டின் கவனத்தை இப்பக்கம் திருப்பியது.

அந்தப் பத்தாண்டில் பெரிய பதிப்பகங்கள் கதவு திறந்தன. கிரீ எழுத்தாளர் டாம்சன் ஹைவேயின் கிஸ் ஆஃப் த ஃபர் குவீன் 1998இல் வந்தது. உறைவிடப் பள்ளியில் சேர்ந்ததும் பெயர் மாற்றப்பட்ட இரு சகோதரர்கள் பின்னாளில் ஒருவர் இசையிலும் மற்றவர் நடனத்திலும் தங்களைத் தேடுகிறார்கள். கிரீ மரபின் மாயக்காரனும் அவர்களோடு வருகிறான்.

ஹைஸ்லா, ஹெயில்ட்சுக் மரபினரான ஈடன் ராபின்சனின் மங்கி பீச் நாவல் 2000இல் வெளியாகி, கில்லர் பரிசின் இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது. கடலில் காணாமற்போன தம்பியைத் தேடும் லிசாமேரிதான் கதைசொல்லி. அவள் ஊலிக்கன் என்ற சிறுமீனிலிருந்து நெய் எடுக்கும் முறையை வாசகருக்குப் படிப்படியாகச் சொல்கிறாள். மாசுபட்ட ஆற்றில் அந்த மீனே அருகிவரும் காலத்தில் சொல்லப்படுவதால் அந்தச் சமையல் குறிப்பு இரங்கற்பாவாகவும் ஒலிக்கிறது. சொல்லக்கூடியவை எவை, சொல்லக்கூடாதவை எவை என்ற எல்லையையும் ராபின்சன் மதித்தே எழுதினார். ஆவியுலகம் பற்றி நாவலில் நிற்கும் மௌனங்களுக்கு இதுவும் காரணம்.

உறைவிடப் பள்ளியை எழுதுதல்

2008 ஜூனில் பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பர் உறைவிடப் பள்ளிகளுக்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது. ஆயிரக்கணக்கானோர் சாட்சியம் சொன்ன இக்காலத்தில் நாவலும் தன் பங்குக்கு ஒரு சாட்சியாயிற்று.

ஓஜிப்வே எழுத்தாளர் ரிச்சர்ட் வாகமீஸின் இண்டியன் ஹார்ஸ் 2012இல் வந்தது. சிறுவன் சால் விடியலில் யாரும் எழுமுன் பள்ளியின் பனித்தளத்தில் ஐஸ் ஹாக்கி பழகுகிறான். அவனுக்குப் பந்துவட்டு கிடையாது. உறைந்துபோன குதிரைச் சாணத்தை வைத்து ஆடுகிறான். விளையாட்டு அவனுக்குத் தந்த விடுதலையை வாசகர் பாதி நாவலுக்குமேல் நம்பிக்கொண்டே வருகிறார். அந்த விளையாட்டைக் கற்றுத்தந்து ஆதரித்த பாதிரியாரே தன்னைச் சிதைத்தவர் என்பது சாலின் நினைவுக்கு வருவது கடைசிப் பகுதியில்தான். மறந்திருந்ததால் மட்டுமே உயிர்வாழ முடிந்த ஒருவனின் மனத்தைக் கதையின் வரிசையே காட்டுகிறது. சால் இதைச் சிகிச்சை இல்லத்தில் எழுதுகிறான். வாயால் சொல்ல இயலாததாலேயே எழுதுகிறான்.

மேட்டி எழுத்தாளர் காத்தரீனா வெர்மெட்டின் த பிரேக் 2016இல் வந்தது. வின்னிபெக்கின் வடக்குப் பகுதியில் மின்கம்பிகள் செல்லும் வெற்றுநிலத்தில் ஒரு பெண் தாக்கப்படுவதைச் சன்னல்வழி பார்த்த இளந்தாய் காவல்துறையை அழைக்கிறாள். வந்தவர்களில் மூத்தவர் அவளை நம்பவில்லை. குற்றவாளி யார் என்பதைக் காட்டிலும், காயத்தைத் தாங்கும் பாட்டி, தாய், மகள், பேத்தி ஆகியோரின் குரல்களே நாவலைக் கட்டுகின்றன. மிஷெல் குட் எழுதிய ஃபைவ் லிட்டில் இண்டியன்ஸ் 2020இல் வெளிவந்து, அவ்வாண்டுக்கான ஆளுநர் நாயகம் பரிசைப் பெற்றது. அது பள்ளியைவிட்டு வெளிவந்த ஐந்து பிள்ளைகளின் பின்வாழ்வைச் சொல்கிறது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் கம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் குறியிடப்படாத புதைகுழிகள் இருக்கலாம் என்று நில ஊடுருவு ராடார் காட்டியபோது, அந்நாவல் சொன்னதை நாடே மீண்டும் எண்ணிப் பார்த்தது.

முடிந்துபோன உலகுக்குப் பிறகு

அண்மைக்கால எழுத்து எதிர்காலத்தையும் களமாக்கிக்கொண்டது. செரி டிமலைனின் த மேரோ தீவ்ஸ் 2017இல் வந்தது. கனவு காணும் ஆற்றலை இழந்த உலகில் பூர்வகுடிகளுக்கு மட்டும் கனவு எஞ்சியிருக்கிறது. அவர்களுடைய எலும்பு மச்சையிலிருந்து அதை எடுக்கப் புதிய பள்ளிகள் எழுகின்றன. அந்த இயந்திரத்தைத் தகர்ப்பது ஒரு மூதாட்டியின் தாய்மொழிப் பாட்டு. வாப்கேஷிக் ரைஸின் மூன் ஆஃப் த க்ரஸ்டட் ஸ்நோ 2018இல் வந்தது. மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோன வடக்கத்திய அனிஷினாபே ஊரில், உலகம் முடிகிறதா என்ற கேள்விக்கு ஒரு மூதாட்டி தரும் பதில் இந்நாவலின் மையம்: வெள்ளையர் வந்தபோதே எங்கள் உலகம் முடிந்துவிட்டது, அதன் பிறகும் வாழ்ந்தோம் என்பதே அதன் கருத்து. இத்தகைய படைப்புகளைக் கற்பனை மிகுபுனைவு என்று வகைப்படுத்தாமல் வியப்புப் படைப்புகள் என்று அழைக்க வேண்டும் என்கிறார் செரோக்கி அறிஞர் டேனியல் ஹீத் ஜஸ்டிஸ். ஏனெனில் பூர்வகுடியினரின் உலகநோக்கில் ஆவியும் விலங்கும் உறவினர்களே.

எழுதுபவர் யார் என்ற கேள்வியும் கூர்மையடைந்தது. நாவலாசிரியர் ஜோசஃப் பாய்டனின் பூர்வகுடி வம்சாவளி பற்றிய ஐயம் 2016 இறுதியில் வெளிப்படையாக எழுந்தது. கிரீன் கிராஸ், ரன்னிங் வாட்டர் நாவலால் புகழ்பெற்ற தாமஸ் கிங், தமக்குச் செரோக்கி வம்சாவளி இல்லை என்று அறிந்ததை 2025 நவம்பரில் தாமே அறிவித்தார். பல ஆண்டு வாசிப்பையும் ஆய்வையும் மறுபார்வைக்கு உட்படுத்த வேண்டிய நிலையை இவை உண்டாக்கியுள்ளன.

வகுப்பறையில்

பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதற்குடி இலக்கியம் சார்ந்த 12ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடம் 2008இல் தொடங்கியது. ஒண்டாரியோவில் பல கல்விச் சபைகள் 11ஆம் வகுப்பின் வழக்கமான ஆங்கிலப் பாடத்துக்குப் பதிலாக முதற்குடி, மேட்டி, இனுயிட் எழுத்துகள் பற்றிய பாடத்தைக் கட்டாயமாக்கின. டொராண்டோ கல்விச் சபை 2023இல் அம்முடிவை எடுத்தது. அச்சபையின் கீழ்வரும் ஸ்கார்பரோவில் தமிழ்ப் பிள்ளைகள் பெருந்தொகையினர் என்பதால், ஈழத்திலிருந்து இடம்பெயர்ந்தோரின் அடுத்த தலைமுறையும் இந்நாவல்களைப் பாடமாகப் படிக்கிறது.

இனுயிட் மொழிக் கையெழுத்துப்படி ஆங்கிலத்துக்கு வர ஏறத்தாழ 60 ஆண்டும், வெட்டப்பட்ட பக்கங்கள் நூலுக்குத் திரும்ப 46 ஆண்டும் ஆயின. மிஷெல் குட்டின் நாவல் வெளிவந்த இரண்டே ஆண்டில், 2022இல், கனடா ரீட்ஸ் வாசிப்புப் போட்டியில் வென்று நாடு முழுவதும் வாசிக்கப்பட்டது. பூர்வகுடிப் பதிப்பகங்களின் தோற்றமும், கதையுரிமை பற்றிய விவாதமும், ஆணையத்தின் முன் சொல்லப்பட்ட சாட்சியங்களும், வகுப்பறை மாற்றங்களும் சேர்ந்தே எழுதிய காலத்தையும் வாசித்த காலத்தையும் இவ்வளவு நெருங்கச் செய்தன.