நர்ஸின் கைக்காகப் பிறந்த கையுறை

1889-ஆம் ஆண்டின் குளிர்காலம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அங்கே அறுவை அரங்கின் தலைமை நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனின் இரண்டு கைகளும் புண்ணாகிக்கொண்டிருந்தன.

காரணம், கை கழுவிய மருந்து. கிருமியை ஒழிக்காமல் கத்தி எடுக்கக் கூடாது என்பது அப்போதுதான் வேரூன்றிவந்தது. ஆயிரத்துக்கு ஒரு பங்கு பாதரசக் குளோரைடு கலந்த தண்ணீரில் கையை நனைத்துவிட்டே மேசைக்கு வருவார்கள். சித்த மருத்துவர்கள் 'வீரம்' என்று சொல்லும் கடும் நஞ்சு அது. கிருமியோடு சேர்த்துத் தோலையும் அது தின்றது. கரோலினுக்குத் தோல் அழற்சி உள்ளங்கையைத் தாண்டி மேலேயும் ஏறியது.

தென் கரோலினாவில் பேர்பெற்ற குடும்பத்தில் பிறந்து, நியூயார்க்கில் நர்ஸிங் படித்துத் தேறியவர் அவர். அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவருடைய திறமையை நன்றாக அறிந்தவர். அந்தக் கைகளை இழக்க மனமில்லாமல், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் ஒரு வேலை கொடுத்தார்: மெல்லிய ரப்பரில், மணிக்கட்டைத் தாண்டி ஏறும் கையுறை, சோதனைக்கு இரண்டு ஜோடி. கருவி எடுத்துக் கொடுப்பவருக்கு ஊசியும் நூலும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமே, அதனால்தான் 'மெல்லிய' என்ற நிபந்தனை.

கையுறை வந்தது, கை ஆறியது. 1890 ஜூனில் ஹால்ஸ்டெட்டும் கரோலினும் திருமணம் செய்துகொண்டார்கள். கரோலின் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டார். கையுறை மட்டும் அரங்கிலேயே தங்கிவிட்டது. உதவியாளர்கள் அதற்கு எவ்வளவு பழகிப்போனார்கள் என்றால், வெறுங்கையோடு நின்றால்தான் வேலை ஓடவில்லை.

ஆனாலும் கத்தி பிடித்தவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் அறுத்தார்கள். கையுறை நர்ஸின் தோலுக்கு என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். நோயாளியின் உயிருக்கும் அதுவே காவல் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. சில ஆண்டுகள் கழித்து, ஹால்ஸ்டெட்டிடம் பயின்ற ஜோசப் பிளட்குட் தானும் போட்டுக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார். 1899-இல், 450-க்கு மேற்பட்ட குடலிறக்க அறுவைகளின் கணக்கை வெளியிட்டார். கையுறை போட்டபின் புண்ணில் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. கண்ணெதிரே இருந்ததை இத்தனை நாள் காணாமல் இருந்தோமே என்று ஹால்ஸ்டெட்டே பிற்பாடு வியந்து எழுதினார்.

இன்று அறுவை அரங்கில் முதல்நாள் நிற்கும் நர்ஸுக்கு மூத்த சிஸ்டர் கிளவுஸ் பாக்கெட்டைப் பிரித்துக் காட்டுகிறார். கையுறையின் வாய் வெளிப்பக்கம் மடிந்திருக்கும். வெறும் கை அந்த மடிப்பை மட்டும் தொட வேண்டும், ஏனென்றால் அது உட்புறம். ஒரு கையில் போட்டானதும், அந்த விரல்களை அடுத்த கையுறையின் மடிப்புக்குள் நுழைத்துத் தூக்க வேண்டும். தோல், தோல் படும் உட்புறத்தையே தொடும்; ரப்பர் ரப்பரின் வெளிப்புறத்தையே தொடும். போட்ட பிறகு கைகள் இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது.

இந்தப் பாடத்தோடு கரோலினின் கதையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்: கையில் தொல்லை என்றால் மறைக்காமல் சொல்ல வேண்டும். கையில் அரிப்பா, தடிப்பா? லேடெக்ஸ் ஒவ்வாமையாக இருக்கலாம். லேடெக்ஸ் கலக்காத கையுறை இருக்கிறது, கேளுங்கள். ஊசி குத்திக் கையுறை ஓட்டையானதாகச் சந்தேகமா? பெரிய டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று விழுங்காதீர்கள். அந்த நொடியே சொல்லி, கையைப் பார்த்துவிட்டு, கையுறையை மாற்றுங்கள். புதியவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் மூத்தவர்கள் அதட்டக் கூடாது. நின்று கேட்க வேண்டும்.

ஒரு நர்ஸின் கைப்புண்ணை ஒருவர் பொருட்படுத்தினார். அதனால் பிழைத்த நோயாளிகளை யாரால் எண்ண முடியும்?