கடன் கேட்காத அணி

மாஸ்கோவுக்கு வடகிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில், வோல்கா கரையில் இருக்கிறது யாரோஸ்லாவ்ல். ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்ட நகரம். பழைய தேவாலயங்கள் நிறைந்த அதன் நடுப்பகுதியை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்த ஊரின் ஐஸ் ஹாக்கி அணி லோகோமோட்டிவ். அது பிறந்தது தேவாலயங்களின் நிழலில் அல்ல, டீசல் எஞ்சின் ஆலையின் புகையில்.

அங்குள்ள மோட்டார் ஆலை மின்ஸ்க் நகரத்து மாஸ் லாரிகளுக்கும் கிரெமென்சுக்கின் கிராஸ் லாரிகளுக்கும் எஞ்சின் செய்து கொடுத்த ஆலை. 1959இல் அந்த ஆலையை ஒட்டி அணி தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் டார்பிடோ என்ற பெயர் நிலைத்தது. மோட்டார் வாகனத் தொழிலாளர்களின் விளையாட்டுச் சங்கம் சோவியத் நாடு முழுவதும் தன் அணிகளுக்கு வைத்த பெயர் அது. கீழ்நிலை லீக்குகளில் நெடுங்காலம் உழன்ற டார்பிடோவை, செர்கேய் நிக்கோலாயெவ் என்ற பயிற்சியாளர் 1980களின் இறுதியில் முதல்நிலைக்கு ஏற்றினார்.

அந்தக் காலத்து ஹாக்கி மாஸ்கோவின் சொத்து. 1946இல் தொடங்கி சோவியத் சாம்பியன் பட்டம் ஒருமுறைகூட அந்தத் தலைநகரை விட்டு வெளியே போனதில்லை. சோவியத் நாடு கலைந்த பிறகுதான் வாசல் திறந்தது. 1994இல் தொல்யாத்தியின் லாடா முதலில் நுழைந்தது. 1997இல் பியோத்தர் வொரோபியோவ் பயிற்சியளித்த டார்பிடோ ரஷ்யச் சாம்பியன் ஆனது. எஞ்சின் ஆலையில் தொடங்கிய அணி நாட்டின் முதலிடத்தில் நின்றது.

2000இல் பெயர் மாறியது. ஆலையின் கை தளர்ந்திருந்தது. யாரோஸ்லாவ்லைத் தலைமையிடமாகக் கொண்ட வடக்கு ரயில்வே கை கொடுத்தது. டார்பிடோ லோகோமோட்டிவ் ஆனது. மறுவருடம் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் அமரக்கூடிய அரேனா–2000 திறக்கப்பட்டது. செக் நாட்டுப் பயிற்சியாளர் விளாதிமீர் வூய்டெக்கின் கீழ் 2002லும் 2003லும் அடுத்தடுத்துப் பட்டம் வந்தது. 2008இல் கான்டினென்டல் ஹாக்கி லீக் பிறந்தது. அதன் பரிசு விண்வெளி வீரர் யூரி காகரின் பெயரைத் தாங்கிய கோப்பை. 2009இல் நடந்த அதன் முதல் இறுதித் தொடரிலேயே லோகோமோட்டிவ் ஆடியது. ஏழு ஆட்டம் வரை இழுத்து, கசானின் அக் பார்ஸிடம் தோற்றது. கோப்பை ஒரு கை தூரத்தில் நழுவியது.

2011 செப்டம்பர் 7. புதிய பருவத்தின் முதல் ஆட்டத்துக்காக அணி மின்ஸ்க் புறப்பட்டது. தலைமைப் பயிற்சியாளர் கனடாவின் பிராட் மெக்ரிம்மனுக்கு இந்த லீக்கில் அதுதான் முதல் ஆட்டமாக இருந்திருக்க வேண்டும். வான்கூவர் ஒலிம்பிக்கில் அதிகப் புள்ளி எடுத்த ஸ்லோவாக்கியர் பவோல் டெமித்ரா, 2006இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியின் கோல்கீப்பர் ஸ்டெஃபான் லீவ், பெலாரஸின் ருஸ்லான் சலேய், லாட்வியாவின் கார்லிஸ் ஸ்க்ராஸ்டின்ஷ் என்று பல நாட்டவர் அந்த விமானத்தில் இருந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

துனோஷ்னா விமான நிலையத்தின் ஓடுபாதை மூன்று கிலோமீட்டர் நீளம். யாக்–42 விமானம் அதன் முடிவைத் தாண்டி ஏறத்தாழ நானூறு மீட்டர் மண்ணில் ஓடிய பிறகுதான் தரையை விட்டு எழும்பியது. சில மீட்டர் உயரத்திலேயே ஆன்டெனாவில் மோதி, ஆற்றோரம் விழுந்து எரிந்தது. வேகம் எடுக்க வேண்டிய நேரத்தில் விமானியறையில் ஒரு கால் பிரேக் மிதியை அழுத்தியபடியே இருந்தது என்று விசாரணை கண்டறிந்தது. இந்த ரக விமானத்துக்கான பயிற்சியை விமானிகள் சரிவர முடிக்கவில்லை. அவர்களைப் பறக்க அனுமதித்த ஆவணங்கள் போலியாகத் தயாரிக்கப்பட்டவை. எந்திரம் பழுதாகவில்லை. பழுது மனிதர்கள் கையெழுத்திட்ட காகிதத்தில் இருந்தது.

விமானத்தில் இருந்த 45 பேரில் 26 பேர் ஆட்டக்காரர்கள், 11 பேர் பயிற்சியாளர்களும் உதவியாளர்களும். உயிரோடு மீட்கப்பட்ட ஒரே ஆட்டக்காரர் அலெக்சாண்டர் கலிமோவ்; யாரோஸ்லாவ்லில் பிறந்து, அந்த ஊர் அணிக்கே ஆடியவர். உடலின் பெரும்பகுதி தீயில் வெந்திருந்த அவர் செப்டம்பர் 12 அன்று மாஸ்கோ மருத்துவமனையில் இறந்தார். வயது 26. கேப்டன் இவான் ட்காச்சென்கோ நோயுற்ற குழந்தைகளின் சிகிச்சைக்குப் பெயர் சொல்லாமல் பணம் அனுப்பிவந்தார் என்பது அவர் போன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. கடைசியில் பிழைத்தவர் விமான ஊழியர் ஒருவர் மட்டுமே.

இந்தக் கழகத்தின் வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கும் செயல் இதற்கு அடுத்த சில நாட்களில் நடந்தது. சக அணிகள் தங்கள் ஆட்டக்காரர்களை விட்டுக்கொடுக்க முன்வந்தன; ஆட்டக்காரர்களும் தாமாகப் பெயர் கொடுத்தார்கள். நல்ல மனதோடு நீட்டப்பட்ட உதவி அது. அதை ஏற்றிருந்தால் அந்தப் பருவத்திலேயே லோகோமோட்டிவ் சட்டை அணிந்த ஓர் அணி களம் இறங்கியிருக்கும். கழகத் தலைவர் யூரி யாகோவ்லெவ் நன்றி சொல்லி மறுத்தார். அந்தப் பருவம் முதல்நிலை லீக்கில் ஆடுவதில்லை, இரண்டாம்நிலையில் எங்கள் பிள்ளைகளை வைத்துத் தொடங்குகிறோம் என்பது முடிவு.

ஐஸ் ஹாக்கி ஆடப்படும் விதம் தெரிந்தால் அந்த முடிவின் நியாயம் விளங்கும். கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர்தான் பனித்தளத்தில் நிற்பார்கள். ஆனால் முழு வேகத்தில் முக்கால் நிமிடம் சறுக்கினாலே மூச்சு முட்டிவிடும். அதனால் ஆட்களை அடிக்கடி மாற்றுவார்கள்; அதற்கு ஆட்டம் நின்றிருக்க வேண்டும் என்றில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மூவர் மூவராக, இருவர் இருவராகத் தடுப்பைத் தாண்டி உள்ளே குதிப்பதும் வெளியேறுவதும் நடக்கும். கூட்டாளி எங்கே இருப்பான் என்று நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. பார்க்காமலே பக் எனப்படும் ஆட்ட வட்டைத் தள்ளிவிட வேண்டும். அந்தப் பழக்கம் ஒன்றாக ஆடி ஆடி வருவது. இருபது அணிகளிலிருந்து அணிக்கொருவராகச் சேர்த்தால் திறமை சேரும், அணி சேராது.

வெள்ளம் பயிரைக் கொண்டுபோனது, நாற்றங்கால் தப்பியது. லோகோமோட்டிவின் சிறுவர் பள்ளி ரஷ்யாவின் சிறந்த ஹாக்கிப் பள்ளிகளில் ஒன்று. வட அமெரிக்காவின் என்எச்எல் லீக் வரை சென்ற ஆர்த்தியோம் அனிசிமோவ், கோல்கீப்பர் செம்யோன் வர்லாமோவ் போன்றவர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான். அந்தப் பள்ளியின் இளைஞர்களை வைத்து, 1997இல் பட்டம் வாங்கித் தந்த அதே வொரோபியோவ் அணியைக் கட்டினார். 2011 டிசம்பர் 12 அன்று, கலிமோவ் இறந்து மூன்று மாதம் நிறைந்த நாளில், சொந்த அரங்கில் அல்மெத்யெவ்ஸ்க் நகரின் நெஃப்த்யானிக்கை எதிர்த்து ஆடி 5–1 என்று வென்றார்கள். பருவத்தின் பாதியில் சேர்ந்தும் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தார்கள்.

2012 செப்டம்பரில் லோகோமோட்டிவ் முதல்நிலைக்குத் திரும்பியது. 2014 பிளே-ஆஃபில் கடைசி இடத்தில் நுழைந்த அணி, முந்தைய இரண்டு ஆண்டும் கோப்பை வென்றிருந்த மாஸ்கோ டைனமோவை முதல் சுற்றிலேயே வெளியேற்றியது. அடுத்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எஸ்கேஏவையும் வீழ்த்தியது. பின்னே நின்ற நாற்றங்காலும் ஓயவில்லை: லோக்கோ என்ற இளையோர் அணி நாட்டின் இளையோர் பட்டமான கர்லாமோவ் கோப்பையைப் பலமுறை வென்றது.

2024இல் மீண்டும் காகரின் கோப்பை இறுதித் தொடர். மக்னிதகோர்ஸ்கின் மெத்தலூர்க் ஒரு ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்காமல் 4–0 என்று வென்றது. மறுவருடம் லோகோமோட்டிவ் திரும்ப வந்தது. 2025 மே 21 அன்று செல்யாபின்ஸ்கின் திராக்தரை 4–1 என்று தொடரில் வென்று, இகோர் நிகீத்தினின் பயிற்சியில் முதன்முறையாகக் காகரின் கோப்பையை எடுத்தது. 2009இல் நழுவியது கைக்கு வர பதினாறு ஆண்டுகள் ஆகின.

கோப்பை வென்ற அணியில் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் இருந்தார்கள். எந்தப் பெரிய அணியும் அப்படித்தான். ஆனால் வந்தவர்கள் சேர்வதற்கு அங்கே ஒரு வீடு இருந்தது. பணம் கொடுத்தால் ஆட்டக்காரர் கிடைப்பார், பயிற்சியாளர் கிடைப்பார். சொந்தமாக வளர்த்த பிள்ளைகளை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. ஆலை, ரயில்வே என்று ஆதரவு மாறியது, டார்பிடோ, லோகோமோட்டிவ் என்று பெயர் மாறியது, ஒரே பகலில் ஆட்களும் இல்லாமல் போனார்கள். அப்போதும் அந்த அணி அதே அணியாக நீடித்ததற்குக் காரணம், காலையில் பள்ளிச் சிறுவர்களைச் சறுக்கப் பழக்கிய அந்தப் பயிற்சித் தளமும், அவர்கள் வளர்ந்து வரும்வரை கீழ்நிலையில் ஆடச் சம்மதித்த பொறுமையும்தான்.