ஞாட்ராங்: கடலும் கோயிலும் உணவும்

கீழ்த்திசை நாடுகளைப் பற்றி எழுதப் புகும் நம்மவருள் பலர், அங்கு ஒரு சிவலிங்கத்தையோ ஒரு வடமொழிக் கல்வெட்டையோ கண்டவுடன், 'இஃது எம் முன்னோர் ஆண்ட நாடு' என்று முடிவு கூறிவிடுகின்றனர். அக்கோயிலைக் கட்டிய மக்கள் யாவர், அவர் பேசிய மொழி யாது, அவர்தம் வழியினர் இன்று எங்குளர் என்று உசாவுவோர் மிகச் சிலரே. வியட்நாம் நாட்டின் தென்பகுதிக் கடற்கரையில் உள்ள ஞாட்ராங் நகருக்கு இப்பொழுது நம் நாட்டிலிருந்தும் விடுமுறைக்காகச் செல்வோர் உளர். கடலாடி, மீன் உண்டு, குன்றின்மேல் உள்ள கோயிலைப் படம் பிடித்துக்கொண்டு அவர்கள் திரும்புகின்றனர். அவர்கள் உண்ட உணவும் கண்ட கோயிலும் ஒரே வரலாற்றின் இரு கூறுகள். அவ்வரலாற்றை ஓரளவேனும் சொல்லிவைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஊர்ப்பெயர். வரைபடங்களைப் பார்த்து நாம் 'நா ட்ராங்' என்று எழுதிவிடுகிறோம். அவ்வூரார் நாவில் முதலெழுத்து நம் ஞகரமாகவே ஒலிக்கிறது. நாணல் அடர்ந்த ஆறு என்னும் பொருள்படும் சாம் மொழிப் பெயரே வியட்நாமியர் வாயில் இவ்வாறு திரிந்தது என்பர். சாம் மக்கள் மலாய் மொழிக்கு உறவான ஒரு மொழியைப் பேசுபவர்கள், கடலோடிகள். இன்றைய நடு வியட்நாமின் கரை நெடுகிலும் அவர்தம் அரசுகள் பல நூற்றாண்டுகள் நிலவின. அவ்வரசுகளின் தொகுதியையே சம்பா என்று வரலாற்று நூல்கள் கூறும். ஞாட்ராங் இருக்கும் பகுதிக்குக் கௌடாரம் என்பது அக்காலப் பெயர். அதற்குத் தெற்கே இருந்தது பாண்டுரங்கம். பண்டரிபுரத்திற்கு அணித்தாக வாழும் மும்பைத் தமிழராகிய நமக்கு இப்பெயர் வியப்பளிக்கலாம். அதுவே இன்று பான்ராங் என்று குறுகி வழங்குகிறது.

ஞாட்ராங்கை அடுத்த வோகான் என்னும் சிற்றூரில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவில் கிடைத்த வடமொழிக் கல்வெட்டுகளுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று அது. இப்பொழுது ஹனாய் நகரின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. ஸ்ரீமாரன் என்பவனின் குலத்தில் வந்த ஓர் அரசன், தன் உடைமைகளை உற்றார்க்கு உரிமையாக்கிய செய்தியை அது கூறுகிறது. அதன் காலம் 2-ஆம் நூற்றாண்டு என்பார் சிலர். 4-ஆம் நூற்றாண்டு என்பார் வேறு சிலர். ஸ்ரீமாரன் யார் என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. பிரெஞ்சு அறிஞர் ஃபில்லியோசா இப்பெயரைப் பாண்டியரின் மாறன் என்னும் பட்டத்தோடு இணைத்து எண்ணினார். சீனக் குறிப்புகளில் வரும் அந்நாட்டு மன்னர்களுள் ஒருவனே இவன் என்று சொன்ன அறிஞர்களும் உளர். வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்கில் நமக்குச் சார்பாக நாமே தீர்ப்பு எழுதிக்கொள்வது முறையன்று.

இனிக் கோயிலுக்குச் செல்வோம். காய் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் ஒரு சிறு குன்று. அதன்மேல் செங்கற் கோபுரங்கள் நான்கு எஞ்சி நிற்கின்றன. போ நகர் என்பது கோயிலின் பெயர். 'நாட்டின் தாய்' என்பது தேவியின் திருப்பெயர். நகர் என்னும் வடசொல் சாம் மொழியில் நாட்டைக் குறிக்கும். கி.பி. 774-இல் கப்பலேறி வந்த பகைவர் இக்கோயிலைக் கொளுத்தி, இலிங்கத்தைக் கவர்ந்து சென்றனர். சத்தியவர்மன் என்னும் மன்னன் கடலிலே அவர்களைத் துரத்தி அழித்தான். எனினும் இலிங்கம் கடலுள் மூழ்கிற்று. 784-இல் அவன் புதிய திருமேனி எழுந்தருளச் செய்தான். வந்த பகைவர் பிணத்தினும் கொடிய உணவை உண்பவர் என்று சாம் கல்வெட்டு அவர்களை இகழ்கிறது. அயலானைப் பழிக்கப் புகுபவன் அவன் சோற்றைப் பழிப்பது அன்றும் உண்டு, இன்றும் உண்டு!

918-இல் மூன்றாம் இந்திரவர்மன் பகவதியின் பொற்படிமத்தை அங்கு நிறுவினான். அந்நூற்றாண்டின் இடையிலே கம்போச நாட்டார் படையெடுத்து வந்து அதனைக் கொண்டு சென்றனர். 965-இல் அதற்கு ஈடாகக் கல்லால் ஆன திருவுருவம் அமைக்கப்பட்டது. இன்றும் பெருங்கோபுரத்தின் வாயில்மேல் எருமையின்மீது நிற்கும் துர்க்கையைக் காணலாம். உள்ளே பத்துக் கைகளுடன் தேவி அமர்ந்திருக்கிறாள். கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 23 மீட்டர். அதன் கீழ்ப்புறம் பழைய மண்டபம் ஒன்றின் செங்கல் தூண்கள் மட்டும், 10 பெரியனவும் 12 சிறியனவுமாக, கூரையின்றி நிற்கின்றன.

1653-இல் வடக்கிலிருந்து வந்த வியட்நாமிய நுயென் தலைவர்கள் கௌடாரத்தைக் கைக்கொண்டனர். சாம் மக்கள் தெற்கே ஒதுங்கினர். வென்றவர் கோயிலை இடித்தார் அல்லர்; தேவியைத் தமக்கே உரியவளாக்கிக் கொண்டனர். தியென் ஈ ஆ நா என்று அவளுக்கு வேறு பெயர் வந்தது. ஆடையும் வியட்நாமிய ஆடையாயிற்று. மேனியிலுள்ள பத்துக் கைகளுள் பல அவ்வாடைக்குள் மறைந்தன. அவளைப் பற்றி ஒரு கதையும் எழுந்தது. மகவில்லாத முதியோர் இருவர் தம் தோட்டத்து முலாம்பழத்தைத் திருடிய சிறுமியைக் கண்டு வளர்த்தனர் என்றும், அவள் ஓர் அகில் கட்டையுள் புகுந்து கடல்வழியே வடநாடு சென்று ஓர் அரசகுமாரனை மணந்து, பின் மக்களோடு மீண்டு வந்து ஊராருக்குத் தொழில் கற்பித்தாள் என்றும் அக்கதை செல்லும். ஃபான் தான் யான் என்னும் வியட்நாமிய அமைச்சர் 1856-இல் இக்கதையைக் கல்லில் பொறித்துவைத்தார். அக்கல் கோயிலிலேயே உள்ளது. கதையில் அகில் வருவது தற்செயல் அன்று. அம்மாகாணத்து மலைகள் அகிலுக்குப் பெயர் பெற்றவை. ஆண்டுதோறும் வியட்நாமியரின் சந்திர மாதக் கணக்கில் மூன்றாம் மாதம் 20 முதல் 23 வரை விழா நடைபெறும். பழைய ஆடையைக் களைந்து, நறுமலர் இட்ட நீரால் திருமேனியை நீராட்டிப் புத்தாடை சாத்துவர். திருமஞ்சனம் கண்டு பழகிய நம் கண்களுக்கு இது அயலாகத் தோன்றாது.

உணவைப் பற்றிக் கூறவேண்டுமானால் மீன்சாற்றிலிருந்து தொடங்க வேண்டும். வியட்நாமியர் அதனை நுவோக் மாம் என்பர். நெத்திலியையும் உப்பையும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்றாகக் கலந்து, பெரிய மரத்தொட்டிகளில் இட்டுப் பாரம் ஏற்றி ஓராண்டளவு வைப்பர். மீன் தானே கரைந்து, செம்பொன் நிறச் சாறு அடியிலே வடியும். முதல் வடிப்பே உயர்ந்தது. உப்புநீர் ஊற்றி எடுக்கும் பின்வடிப்புகள் மலிவானவை. இதற்கு வேண்டிய உப்பும் தொலைவிலிருந்து வரவேண்டுவதில்லை. நகருக்கு வடக்கே ஹோன் கோயில் பரந்த உப்பளங்கள் உள்ளன. கடை வாயிலில் முதல்முறை இதன் மணத்தை நுகர்பவர் முகம் சுளிப்பார். நம் வீட்டுக் கருவாட்டுக் குழம்பின் மணத்தைப் பற்றி அண்டை வீட்டார் என்ன எண்ணுகின்றனர் என்பதை அவர் நினைவிற்கொள்வது நலம். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் பூண்டும் மிளகாயும் சேர்த்ததும் அம்மணம் அடங்கிச் சுவை எழும்.

அவ்வூரின் தெருவோர உணவுகளுள் பான் கான் என்பதை நான் தலையாயதாகக் கூறுவேன். பணியாரச் சட்டியைப் போன்ற குழிகளுடைய மண் அடுப்பில், அரிசிமாவை ஊற்றிச் சிறு மண் மூடிகளால் மூடிச் சுடுவர். எண்ணெய் இல்லை, அல்லது மிகச் சிறிது. முட்டையோ இறாலோ கணவாயோ மேலே இட்டு, வெங்காயத்தாள் தூவி, நீர்த்த மீன்சாற்றில் தோய்த்து உண்பர். சாம் மக்கள் வாழும் பான்ராங்கிலும் இது பெருவழக்கு. அவர்களிடமிருந்தே வியட்நாமியர் கற்றனர் என்று பலர் கூறுகின்றனர். நம் குழிப்பணியாரத்துக்கும் இதற்கும் உறவு உண்டா என்று கேட்பீர்கள். அரிசியும் மண்ணும் நெருப்பும் உள்ள இரு நாடுகளில் ஒரே உணவு தனித்தனியே பிறக்கக்கூடும். ஒப்புமை ஒன்றே சான்றாகாது. மஞ்சள் கலந்த அரிசிமாவை மெல்லிதாக வார்த்து மடிக்கும் பான் செயோவைத் தோசையின் தங்கை என்று கூறுவதும் அத்தகையதே.

உறுதியான உறவுடைய சொல் ஒன்று உண்டு. தென் வியட்நாமில் தேங்காய்ப்பாலும் கிழங்கும் இட்டுக் கோழியைச் சமைத்து, அதனைக் காரி என்கின்றனர். அது நம் 'கறி' என்னும் சொல்லின் வழிவந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பகுதியினரும் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் சைகோனில் வாழ்ந்தனர். அவர்கள் வழிபட்ட மாரியம்மன் கோயில் இன்றும் அங்குள்ளது. வியட்நாமியரோ இந்தியரையும் மலாயரையும் வேறுபடுத்தாது, ஜாவா என்பதன் திரிபாகிய 'சா வா' என்னும் ஒரே பெயரால் அழைத்தனர்! அக்கறியை அவர்கள் சோற்றோடு மட்டுமின்றிப் பிரெஞ்சு ரொட்டியோடும் தோய்த்து உண்கின்றனர்.

ஞாட்ராங்குக்கே உரியவை என்று மேலும் சில உண்டு. சொறி என்று நம் மீனவர் கூறும் இழுதுமீனைத் தெளிந்த மீன்ரசத்தில் அரிசிச் சேவையோடு இடும் புன் சுவா ஒன்று. வடக்கே நின்ஹோவாவில் தோன்றிய, கரியில் சுட்ட பன்றியிறைச்சியைக் கீரையோடு அரிசித்தாளில் சுருட்டி உண்ணும் நெம் நுவோங் மற்றொன்று. தீவுக் குகைகளில் உழவாரப் பறவைகள் தம் உமிழ்நீரால் கட்டும் கூடுகளும் விலையேறிய உணவாகும். காப்பியோ துளையிட்ட சிறு வடிகலத்திலிருந்து சொட்டுச் சொட்டாகக் கட்டிப்பாலின்மேல் இறங்குகிறது. வடிகட்டிக் காப்பியில் வளர்ந்த நமக்கு அதன் பொறுமை புரியும்.

மரக்கறி உண்போர் அஞ்ச வேண்டா. ஆயினும் எச்சரிக்கை வேண்டும். கீரை வதக்கலிலும் மீன்சாறு சேரும். 'சாய்' என்று எழுதிய பலகையுள்ள கடைகளை நாடுக. மும்பையில் அச்சொல் தேநீரைக் குறிக்கும். அங்கு அது பௌத்தரின் மரக்கறி உணவு. அமாவாசையை அடுத்த முதல் நாளிலும் பௌர்ணமி நாளிலும் புலால் தவிர்ப்போர் பலராதலால், அந்நாட்களில் இக்கடைகளில் கூட்டம் மிகுதி.

மும்பையோடு தொடர்புடைய ஒருவரின் நினைவிடமும் ஞாட்ராங்கில் உள்ளது. சுவிட்சர்லாந்தில் 1863-இல் பிறந்த அலெக்சாந்தர் எர்சின், 1894-இல் ஹாங்காங்கில் பிளேக் நோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்தவர். மறு ஆண்டில் ஞாட்ராங்கில் ஆய்வுக்கூடம் நிறுவினார். அதுவே பாஸ்டர் நிலையமாக வளர்ந்தது. 1896-இல் அன்றைய பம்பாயில் பிளேக் பரவியபோது, 1897-இல் தம் ஊனீர் மருந்துடன் அவர் அங்கு வந்தார்; எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஞாட்ராங்குக்கு மீண்டு, செம்படவர் குப்பத்தின் அருகே எளிய வாழ்வு நடத்தி, புயல் வருமுன் மீனவரை எச்சரித்து, 1943-இல் அங்கேயே மறைந்தார். அயலாட்சி நீங்கியபின் வியட்நாமில் பல தெருக்களின் பிரெஞ்சுப் பெயர்கள் மாறின; எர்சின் பெயர் மாறவில்லை. சுவோய் தாவுவில் உள்ள அவர் சமாதியில் ஊரார் ஊதுவத்தி ஏற்றுகின்றனர். நிலையத்திலுள்ள அருங்காட்சியகத்தில் அவருடைய கருவிகளையும் நூல்களையும் காணலாம்.

மற்றவை சுருக்கமாக. 1922-இல் தொடங்கிய கடலாய்வு நிலையத்தில் பெருந்திமிங்கில எலும்புக்கூடு உள்ளது. அந்நாட்டுக் கரையோர மீனவர் திமிங்கிலத்தைத் தெய்வமாகக் கருதிக் கரை ஒதுங்கியதை முறைப்படி அடக்கம் செய்பவராதலால், அதனைக் காட்சிப்பொருளாக மட்டும் பாராதீர். லோங் சோன் பௌத்தப் பள்ளியின் வெண்ணிறப் புத்தர், 1963-இல் சமய உரிமைக்காக உயிர்நீத்த துறவிகளை நினைவூட்டுபவர். ஹோன் முன் தீவின் பவளப்பாறைகள் சிதைந்தமையால் 2022-இல் அங்கு மூழ்கிப் பார்ப்பது நிறுத்தப்பட்டது. சேற்றுக் குளியலும் தீவுக் களியாட்டங்களும் விரும்புவோர்க்கு உண்டு.

நேரமுள்ளவர்கள் தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பான்ராங்குக்குச் செல்வது நன்று. பாண்டுரங்கத்தின் தன்னாட்சியை 1832-இல் மின் மாங் பேரரசர் முடித்துவிட்டார். மக்கள் அங்கேயே இருக்கின்றனர். அவருள் ஒரு பகுதியினர் இன்றும் பிராமணம் என்பதன் திரிபான பெயரால் தம்மைக் குறித்துக்கொண்டு, போ குலோங் கராய் கோபுரத்தில் காத்தே விழா எடுக்கின்றனர். பெரும்பாலும் அது அக்டோபர் மாதத்தை ஒட்டி வரும். மற்றொரு பகுதியினர் தமக்கே உரிய வகையில் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். 2025 ஜூலை 1 முதல் பான்ராங் இருந்த நின்துவான் மாகாணம், ஞாட்ராங் இருக்கும் கான்ஹோவாவோடு இணைக்கப்பட்டது. போ நகரை எழுப்பியவர்களின் வழியினரும் அக்கோயிலும் இவ்வாறு மீண்டும் ஒரே மாகாணத்தினர் ஆயினர். கோயில் முற்றத்தில் பயணிகளுக்காகத் தறியில் நெய்து காட்டும் சாம் பெண்களைக் கண்டால், நெய்த துணியை விலைகொடுத்து வாங்குங்கள். அவர்கள் மொழியில் தேவியின் பெயர் என்ன என்றும் கேளுங்கள்.