கரடி ஈரலும் முகப்பரு மாத்திரையும்

பி.காம் படிப்பவனுக்கு மாத்திரையின் வரலாறு எதற்கு என்று கேட்பீர்கள். கட்டிகட்டியாக வந்த பருக்களுக்காக ஐந்து மாதம் ஐசோடிரெட்டினாயின் சாப்பிட்டேன். உதடு வெடித்து, சாம்பார் பட்டாலே கண்ணில் தண்ணீர் வரும். "ஒத்துக்கலடா, நிறுத்திடு" என்றான் அறை நண்பன். அப்போதுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதை பனிக்கடலில் தொடங்குகிறது. 1596-97 குளிர்காலத்தில் வில்லெம் பேரன்ட்ஸ் என்ற டச்சு மாலுமியின் குழு நோவாயா ஸெம்ல்யா தீவில் சிக்கிக்கொண்டது. பனிக்கரடியின் ஈரலைத் தின்றவர்கள் நோயில் விழுந்தார்கள். மூன்று பேருக்குத் தலை முதல் கால் வரை தோல் உரிந்தது. அந்த ஈரலில் அளவுக்கு மீறி வைட்டமின் ஏ இருப்பதுதான் காரணம் என்று 1940களில்தான் நிரூபணமானது.

தோலை இப்படி மாற்றும் பொருளை மருந்தாக்க முடியாதா? ஸ்விட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் வெர்னர் போலாக் வைட்டமின் ஏயின் உறவுப் பொருட்களை ஆராய்ந்தார். அவற்றில் ஒன்றை அமெரிக்காவில் கேரி பெக் கடுமையான பரு உள்ள 14 பேருக்குக் கொடுத்தார். 13 பேருக்கு முழுதாக மறைந்தது என்று 1979இல் எழுதினார். 1982இல் அக்யூட்டேன் என்ற பெயரில் அங்கே அனுமதி கிடைத்தது.

தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கிப் பருவைக் குறைப்பது இதன் முக்கிய வேலை. தோலும் உதடும் காய்வது அதே மருந்தின் இன்னொரு முகம். அதற்கு வாசலினும் பொறுமையும் போதும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு மாத்திரை, டாக்டர் சொன்னபடி ரத்தப் பரிசோதனை, வைட்டமின் ஏ மாத்திரைக்குத் தடை. மனம் சோர்ந்தாலோ கடுமையான தலைவலி வந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆனால் பொறுத்துக்கொள்ள முடியாத விளைவு ஒன்று உண்டு. கருவுக்கு ஆபத்து என்று விலங்குச் சோதனைகளிலேயே தெரிந்திருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. இருந்தும் 1983 முதல் காது, இதயம், மூளைக் குறைபாடுகளோடு குழந்தைகள் பிறந்த செய்திகள் வந்தன. 1988இல் விதிகள் இறுகின. 2006 முதல் அமெரிக்காவில் பதிவு செய்யாமல் இந்த மருந்து கிடைக்காது.

என் முகம் தெளிந்ததும் அதே நண்பன் வந்தான். "அக்காவுக்கு அடுத்த மாசம் கல்யாணம், மிச்சம் இருந்தா ஒரு அட்டை கொடுடா."

கொடுக்கவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தான். மேலே எழுதியதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் அக்காவைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனான். உங்களிடம் மிச்ச அட்டை இருந்தால், நீங்களும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.