சாவி எண் 20326

2016 அக்டோபர் 27 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கல்பெப்பர் என்ற சிற்றூரில், காவல் மிகுந்த தரவு மையம் ஒன்றின் உள்ளறையில் அது பிறந்தது. 2,048 பிட் ஆர்.எஸ்.ஏ. சாவி. தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. மிகப் பெரிய எண், அவ்வளவுதான். அதன் அடையாள எண் 20326.

இணையத்தில் ஒரு பெயரைத் தட்டினால் அதற்குரிய முகவரியைத் தேடித் தருவது டி.என்.எஸ். அந்த இடத்தில் பொய்ப் பதிலை நுழைப்பது எவ்வளவு சுலபம் என்று 2008-ல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி காட்டியபின், பதில்களுக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடும் வேலை வேகமெடுத்தது. கீழே உள்ளவருக்கு மேலே உள்ளவர் சான்று சொல்வார் என்பது ஏற்பாடு. .காம், .இன் தொடங்கி நம் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் வரை எல்லாம் உச்சியிலுள்ள வேர்ப் பட்டியலில் இருக்கின்றன. வேருக்கு மேலே யாருமில்லை. ஆகவே வேரின் சாவியைக் கருவிகள் முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால்தான் உண்டு. அப்படி முதலில் வந்தது 19036. 2010 ஜூனில் இதே கல்பெப்பரில் உருவாகி, ஜூலை 15 முதல் வேலைக்கு வந்தது. அதற்கு வாரிசாகத்தான் 20326.

சாவிக்கு இரண்டு பாதி: ஒன்று ரகசியம், மற்றது பொது. ரகசியப் பாதி எச்.எஸ்.எம். என்ற பெட்டிக்குள் வாழ்கிறது. யாராவது உடைக்கப் பார்த்தால் பெட்டி தன்னிடம் உள்ளதை அழித்துவிடும். 2017 பிப்ரவரியில் ரகசியப் பாதியின் பிரதி, மறையாக்கம் செய்த ஸ்மார்ட் கார்டுகளில், பிரித்தால் தெரிந்துவிடும் பைகளுக்குள் நாட்டின் மறுகோடிக்குப் போனது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்திலுள்ள எல் செகுண்டோவின் பெட்டகத்தில் இன்னொரு வீடு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இந்த இரண்டு ஊர்களில் மாறி மாறி, சாவியை வெளியே எடுத்துக் கையெழுத்துப் போடும் சடங்கு நடக்கும். மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது, பேட்டரி கிடையாது, வலைத்தொடர்பு கிடையாது. கையெழுத்துக் கேட்டு வந்த கோப்பின் சுருக்க எண்ணை, இலக்கங்களாக அல்லாமல் ஆங்கிலச் சொற்களாக ஒருவர் நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறார். மற்றவர்கள் தங்கள் கையிலுள்ளதோடு ஒப்பிட்டு, சரி என்று தலையசைக்கிறார்கள். எல்லாம் நேரலையில் ஒளிபரப்பாகிறது. பார்த்தால் தூக்கம் வரும். இந்த வேலையில் அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது என்பேன். இத்தனையும் முடிந்து 20326 செய்வது, அன்றாடக் கையெழுத்துப் போடும் இன்னொரு சாவிக்கு அடுத்த காலாண்டுக்கான ஒப்புதல் தருவது மட்டுமே.

'இணையத்தின் சாவி ஏழு பேர் கையில்' என்று பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. சடங்குக்கு வரும் அந்தத் தன்னார்வலர்கள் கையில் இருப்பது சாதாரண உலோகச் சாவி. அது பெட்டகத்துக்குள் இருக்கும் சிறு பெட்டியைத் திறக்கும். அதனுள்ளே ஒரு ஸ்மார்ட் கார்டு. எழுவரில் மூவர் கார்டு இருந்தால்தான் எச்.எஸ்.எம். விழிக்கும்.

ஒளித்து வைப்பது இவ்வளவுதான். பொதுப் பாதியை ஊரறியச் செய்வதுதான் பெரும்பாடு. 2017 ஜூலை 11-ல் அதை வெளியிட்டார்கள். பழைய சாவி அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது. புதிய சாவி 30 நாள் தொடர்ந்து கண்ணில் பட்டால் கருவி தானாகவே அதை நம்ப வேண்டும் என்பது விதி. பழையதை விலக்கிப் புதியதைப் பணியில் அமர்த்த அக்டோபர் 11-ஐக் குறித்தார்கள்.

செப்டம்பரில் வயிறு கலங்கியது. எந்தச் சாவியை நம்புகிறோம் என்று சர்வர்களே தெரிவிக்கும் வசதி அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. அவற்றில் புறக்கணிக்க முடியாத ஒரு பங்கு, பழைய சாவியை மட்டுமே தெரியும் என்றது. சிலர் சாவியைக் கையால் எழுதிவைத்துவிட்டு மறந்திருந்தார்கள். சில கருவிகள் புதியதைக் கற்றாலும் சேமித்துவைக்க இடமில்லாமல், அணைத்துப் போட்டதும் மறந்தன. பழைய மென்பொருளோடு அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் ரவுட்டருக்கு யார் போய்ச் சொல்வது? உரிமையாளர் யாரென்று கண்டுபிடிப்பதே பாதி இடங்களில் முடியவில்லை. கையெழுத்தைச் சரிபார்க்கும் சர்வர்களை நம்பி சுமார் 75 கோடிப் பேர் இருப்பதாக, வேரை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு கணக்கிட்டிருந்தது. தேதியை நிறுத்திவைத்தார்கள். கோழைத்தனம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு; எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரியாக ஓராண்டு கழித்து, 2018 அக்டோபர் 11-ல் மாற்றம் நடந்தது. அங்கங்கே சில சிக்கல்கள் தவிர உலகம் கவனிக்கவே இல்லை. வேடிக்கை அதற்குப் பின்னால்தான். 2019 ஜனவரியில் பழைய 19036 செல்லாது என்று அறிவித்ததும், வேர் சர்வர்களிடம் சாவி கேட்டு வரும் கேள்விகள் குறைவதற்குப் பதில் பெருகின. மார்ச் 22-ல் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்த பிறகுதான் அலை அடங்கியது.

2020 பிப்ரவரியில் எல் செகுண்டோவில் ஒரு பெட்டகப் பூட்டு மக்கர் செய்தது. பூட்டுக்காரர் வந்து துளைபோட்டுத் திறந்தார். 12-ஆம் தேதிச் சடங்கு 16-ஆம் தேதிக்குப் போனது. ஏப்ரலில் கொரோனா. தன்னார்வலர்கள் தங்கள் சாவிகளைத் தபாலில் அனுப்பிவிட்டுத் திரையில் பார்த்திருக்க, மூன்று மாதத்துக்குப் பதில் ஒன்பது மாதத்துக்கான கையெழுத்துகளை ஒரே மூச்சில் முடித்தார்கள்.

20326-க்கும் வாரிசு வந்தாயிற்று. 38696 என்ற சாவி 2024 ஏப்ரலில் கல்பெப்பரில் பிறந்து, 2025 ஜனவரி 11-ல் வெளியானது. பொறுப்பேற்க அட்டவணை குறித்திருக்கும் நாள் 2026 அக்டோபர் 11. போனமுறை அறிமுகத்துக்கும் பதவியேற்புக்கும் இடையில் மூன்று மாதம் போதும் என்று நினைத்தார்கள். இம்முறை 21 மாதம் விட்டிருக்கிறார்கள்.